சான்றிதழா, ஆதாரா, வாக்காளர் பட்டியலா: குமரி மாவட்டத் திருநர் எதை முதலில் திருத்துவது?

பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றக் கிளம்பும் திருநங்கைக்கும் திருநம்பிக்கும் குமரி மாவட்டத்தில் மூன்று விதமாக வழி சொல்கிறார்கள். கலெக்டர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழை வாங்கிவிடு, மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்பது ஒன்று. ஆதாரை மாற்று, அது மாறினால் எல்லா அலுவலகமும் வழிக்கு வரும் என்பது இன்னொன்று. படிவம் 8 போட்டு வாக்காளர் பட்டியலை நேராகவே திருத்து என்பது மூன்றாவது. இப்படிச் சொல்பவர்கள் குறைவு.

வங்கி, பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வழிக்கே எடை அதிகம். ஓட்டு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றாவது வழிதான் சரி. அதிலும் ஒரு வரிசை உண்டு: முதலில் முகவரி, அடுத்து பெயரும் பாலினமும். சான்றிதழும் ஆதாரும் அவற்றின் வேகத்தில் பக்கத்திலேயே நடக்கட்டும். வாக்குச்சாவடியில் பார்ப்பது இரண்டே விஷயம். இந்தப் பாகத்தின் (ஒரு சாவடிக்கு உரிய பகுதியின்) பட்டியலில் பெயர் இருக்கிறதா, வந்து நிற்பவர் அவர்தானா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பல அட்டைகள் உண்டு. முதல் கேள்விக்குப் பட்டியலைத் தவிர வேறு ஆவணம் கிடையாது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 22,364 பேர். நாடு முழுவதும் 4,87,803 பேர். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாலினமாக இருந்தவர்கள் 8 ஆயிரத்துச் சொச்சம். நாடு முழுவதும் ஏறத்தாழ 48 ஆயிரம். மேடையில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, இத்தனை பேரின் ஓட்டுரிமை பறிபோனது என்று பேசுவது எளிது. கணக்கு அவ்வளவு நேரானதில்லை. கணக்கெடுப்பில் 18 வயது ஆகாத பிள்ளைகளும் அடக்கம். பட்டியலில் ‘பெண்’ என்றே பதிந்துகொண்ட திருநங்கைகள் மூன்றாம் பாலின எண்ணிக்கையில் வரமாட்டார்கள். பிறந்தபோது எழுதிய பெயரிலும் பாலினத்திலும் அம்மா வீட்டு முகவரியிலேயே இன்னும் கிடப்பவர்களும் வரமாட்டார்கள். இந்தக் கடைசிக் கூட்டம்தான் உண்மையான சிக்கல். இவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் போய் ஓட்டுப் போட முடியாத இடத்தில் இருக்கிறார்கள். பட்டியலில் சேராதவர்களைத் தேடும் முகாம்களில் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

முதல் வழி: கலெக்டர் சான்றிதழ்

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. அதன்பின் வந்த 2019 திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விதிகளும், நவம்பரில் தேசிய இணையதளமும் வந்தன. இணையதளத்தில் விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் ஏற்ற வேண்டும். மருத்துவப் பரிசோதனை கேட்காமல் 30 நாளுக்குள் கலெக்டர் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும் என்றது 2020 விதி. பிரிவு 6 சான்றிதழில் ‘திருநர்’ என்று இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் என்று பெற வேண்டுமானால் மருத்துவச் சான்றோடு பிரிவு 7-இன் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சட்டப் பகுதி ஓயாத விவாதத்தில் இருப்பது. பழைய பிடிஎஃப் படிவத்தை யாரிடமிருந்தும் வாங்கி நிரப்ப வேண்டாம். விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் இருப்பதையே எடுங்கள்.

இந்த மாவட்டத்தில் இது சிக்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பிப்பவர் அந்தக் கலெக்டரின் எல்லைக்குள் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் வேலை, ஒரு வருடம் பாறசாலையில் வாடகை, பிறகு மார்த்தாண்டத்துக்குத் திரும்புதல் என்று வாழ்பவர்களுக்கு எந்தப் பக்கமும் 12 மாதம் முழுசாகக் கூடுவதில்லை. வாக்காளர் பட்டியலுக்கு அப்படி மாதக் கணக்கு எதுவும் இல்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கேட்பது வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை மட்டும். வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போனதால் அந்தக் குடியிருப்பு அற்றுப்போகாது; ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே அங்கே குடியிருப்பவர் ஆகிவிடவும் முடியாது. இரண்டுமே அதே பிரிவில் எழுதியிருப்பவை.

சான்றிதழ் வாங்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆதாரில் பெயரையும் பாலினத்தையும் ஒரே ஆவணத்தால் மாற்ற இதைவிட நல்ல தாள் இல்லை. ஆனால் 2024 தேர்தலில் வாக்காளர் அட்டைக்குப் பதிலாக ஏற்ற 12 ஆவணங்களில் திருநர் அடையாள அட்டை இல்லை. திருநங்கையர் நல வாரிய அட்டையும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு. திருநர் அட்டையையும் சேர்க்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. சேரும்வரை அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சாவடிக்குப் போகக் கூடாது.

இரண்டாம் வழி: ஆதார்

ஆதாரில் ஆண், பெண், திருநர் என மூன்று தெரிவு உண்டு. திருத்தம் மையத்தில் நேரில்தான். 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். வேகமும் உண்டு, பயன்களும் பல. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வாழ்நாளில் பெயரை இரண்டு முறை, பாலினத்தை ஒரு முறைதான் சாதாரணமாக மாற்ற முடியும். முதல் தடவை அவசரத்தில் இனிஷியல் இல்லாமல் ஒரு பெயர், இரண்டாம் தடவை எழுத்துப் பிழை திருத்தம் என்று இரண்டும் தீர்ந்தால், பிறகு அரசிதழ் அறிவிப்போடு அலைய வேண்டும். இனிஷியல் அப்பா பெயரிலா, அம்மா பெயரிலா, வேண்டவே வேண்டாமா என்பதை முடிவு செய்யாமல் ஆதார் மையத்துக்குப் போகாதீர்கள்.

வாக்காளர் பதிவுக்கு ஆதார் வசதியான ஆவணம், கட்டாயமில்லை. போதிய காரணத்தால் ஆதார் எண் தர இயலாதவரின் விண்ணப்பத்தை அதற்காக மறுக்கவோ, பெயரை நீக்கவோ கூடாது என்று 1950 சட்டத்தின் 23-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கவுன்டரில் ‘ஆதார்ல பேரு மாறட்டும், அப்புறம் வாங்க’ என்று திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே விண்ணப்பம் உள்ளே போய்விடும்.

மூன்றாம் வழி: நேராகப் படிவம் 8

இங்கேதான் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிழைகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

இதுவரை எங்கும் பதியாதவருக்குப் படிவம் 6. ஏற்கனவே எங்காவது பதிந்தவருக்குப் படிவம் 8, அது எத்தனை வருடம் முந்திய பதிவானாலும். நடைமுறையில் மிக அதிகம் நடக்கும் தவறு, பழைய பெயர் அம்மா வீட்டு முகவரியில் இருக்கும்போதே புதுப் பெயரில் புது முகவரிக்குப் படிவம் 6 போடுவது. பழைய அட்டை வீட்டில் மாட்டிக்கொண்டது, கேட்கப் போக முடியாது, அதனால் புதுசாகவே போட்டுவிடலாம் என்று இ-சேவை மையத்தில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பது சட்டம். படிவத்தில் பொய் உறுதிமொழி தந்தால் அதே 1950 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. அது ஒரு பக்கம் இருக்க, ஒத்த முகப்படங்களைத் தேர்தல் பிரிவின் மென்பொருள் ஒப்பிட்டுத் தேடுகிறது. இரட்டைப் பதிவு என்று பிடிபட்டால் எந்தப் பதிவு நீங்கும் என்பது நம் கையில் இல்லை.

பழைய அட்டை கையில் இருக்க வேண்டியதில்லை. அதன் எண் தெரிந்தால் போதும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் பழைய பெயர், அப்பா அல்லது அம்மா பெயர், வயது, தொகுதி தந்து தேடினால் எண் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்த ஊர்ச் சாவடியின் பட்டியலைப் பதிவிறக்கி வீட்டு எண் வரிசையில் பார்க்கலாம். பட்டியல் பொது ஆவணம். அதைப் பார்க்க வீட்டாரின் சம்மதமோ கையெழுத்தோ வேண்டாம். எந்தத் தொகுதி என்பதில் இங்கே ஒரு குழப்பம் வரும். மாவட்டத்தில் தாலுகாவும் ஆறு, தொகுதியும் ஆறு. ஆனால் பெயர் ஒத்துப்போவது விளவங்கோடு, கிள்ளியூர் இரண்டுக்கு மட்டும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், திருவட்டாறு என்ற பெயரில் தொகுதி கிடையாது. கன்னியாகுமரி (229), நாகர்கோவில் (230), குளச்சல் (231), பத்மநாபபுரம் (232) என்ற பெயரில் தாலுகா கிடையாது. எல்லைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. தாலுகாவை வைத்துத் தொகுதியை ஊகிக்காமல் எண்ணைப் பாருங்கள். விளவங்கோடு 233, கிள்ளியூர் 234.

அடுத்து வரிசை. படிவம் 8-இல் முகவரி மாற்றம், பதிவில் திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளிக் குறிப்பு என்று நான்கு வேலைகள் உண்டு. ஒரு படிவத்தில் ஒன்றைத்தான் டிக் செய்யலாம். அதாவது அம்மா வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு முகவரி, கூடவே பெயரும் பாலினமும் என்றால் இரண்டு படிவம். எதை முதலில் போடுவது?

பெயர்த் திருத்தத்தை முதலில் போட்டால், விசாரணைக்குப் போவது பழைய ஊரின் வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. அவர் தட்டுவது அம்மா வீட்டுக் கதவை. ‘அப்படி ஒரு பொம்பளப் பிள்ளை எங்க வீட்டில இல்லை’ என்று ஒரு பதில் வந்தால் திருத்தம் நின்றுபோகும். ‘அவன் இங்க இல்லை, எங்க போனான்னே தெரியாது’ என்று வந்தால் பெயரை நீக்கும் வேலையே தொடங்கக் கூடும். வீட்டுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் பி.எல்.ஓ. வாயால் தெருவுக்கே தெரிவதும் உண்டு.

முகவரியை முதலில் மாற்றினால் புது இடத்து பி.எல்.ஓ. வருவார். அவர் கையில் இருக்கும் தாளில் பழைய பெயர். வீட்டுக்காரரிடம் அந்தப் பெயரைக் கேட்டால், புதுப் பெயரை மட்டுமே அறிந்த அவர் கைவிரிப்பார், அல்லது அன்றோடு வாடகைக்கு வேறு வீடு தேட வேண்டியிருக்கும். இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆனால் இரண்டாவதை முன்கூட்டியே கையாள முடியும், முதலாவதை முடியாது. அதனால் எங்கள் பரிந்துரை: முகவரி முதலில். படிவத்தில் உங்கள் கைபேசி எண்ணையே தாருங்கள். படிவம் போன மறுநாளே புதுச் சாவடியின் பி.எல்.ஓ. எண்ணை இணையதளத்தில் எடுத்து நீங்களே கூப்பிட்டு, ‘நான் திருநங்கை, படிவத்தில் பழைய பெயர் இருக்கிறது, வரும்போது எனக்கு ஒரு கால் போட்டுட்டு வாங்க, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பி.எல்.ஓ.க்களில் பலர் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும்தான். நேராகச் சொன்னால் ஒத்துழைப்பவர்களே அதிகம். முகவரி மாற்றம் ஏற்கப்பட்டதும் அதே வாரம் பெயர், பாலினம், புகைப்படம் மூன்றையும் ஒரே திருத்தப் படிவத்தில் போடலாம். புகைப்படத்தை விட்டுவிடாதீர்கள். பெயர் புதுசு, முகம் பத்து வருடம் பழசு என்று அட்டை வந்தால் சாவடியில் சிக்கல் இரட்டிப்பாகும்.

வீட்டோடு சுமுகமாக இருப்பவர்களுக்கு இந்த வரிசை தேவையே இல்லை. இருக்கும் முகவரியில் ஒரே ஒரு திருத்தப் படிவம், முடிந்தது.

முகவரிச் சான்று

பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். இங்கே பெரும்பாலான வாடகைக்கு 20 ரூபாய்ப் பத்திரம் கூடக் கிடையாது. ஓராண்டுக்கான மின் கட்டண ரசீதும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். எளிதாகக் கைகூடுவது முகவரி அச்சிட்ட வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புத்தகம். கணக்கு தொடங்கும்போதே தற்போதைய முகவரியைத் தந்து, முதல் பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேஸ் இணைப்பு இருந்தால் அதுவும் செல்லும். எதுவுமே இல்லை என்றால் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது. நேரில் வந்து விசாரித்து முடிவு செய்ய வேண்டும். வீடே இல்லாமல் கடைத் திண்ணையிலோ பேருந்து நிலையத்திலோ படுப்பவருக்கும் வழி உண்டு. பி.எல்.ஓ. இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்து, அவர் அங்கே தூங்குவதைப் பார்த்தால் போதும், தாள் எதுவும் வேண்டாம்.

குமரியின் முகவரி முறையும் கொஞ்சம் தொல்லை. தோட்டத்துக்குள் தள்ளித் தள்ளி வீடுகள். ஆள் அறிவது வீட்டுப் பெயரையும் ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பகுதிப் பெயரையும் வைத்து. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் இரண்டு விளை இருக்கும். படிவத்தில் வீட்டுப் பெயரை மட்டும் எழுதினால் வேறு பாகத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். வார்டோடு சேர்ந்த கதவு எண், பஞ்சாயத்து, விளை, பக்கத்துக் கோயிலோ தேவாலயமோ, எல்லாம் எழுதுங்கள். அதே பாகத்தில் ஏற்கனவே உள்ள ஒரு பக்கத்து வீட்டாரின் வாக்காளர் எண்ணையும் தந்தால் இன்னும் நல்லது.

இணையத்தில் நிரப்பினால் ஆங்கிலப் பெயர் தானாகவே தமிழாக மாறும். ‘ரித்திகா’ ‘ரிதிகா’ ஆவதும், ‘தமிழ்’ இருந்த இடத்தில் ‘டமில்’ வந்து நிற்பதும் அங்கேதான். தமிழ்க் கட்டத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே சமர்ப்பியுங்கள். இந்தப் பிழையைத் திருத்த இன்னொரு படிவம், இன்னொரு விசாரணை வேண்டியிருக்கும்.

உறவினர் கட்டம்

படிவம் 6-இல் அப்பா, அம்மா, கணவர், மனைவி ஆகியவற்றோடு, ஆதரவற்றவருக்குச் சட்டப் பாதுகாவலர், மூன்றாம் பாலினத்தவருக்குக் குரு என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. ஒரு குருவின் கீழ் குடும்பமாகச் சேர்ந்து வாழும் ஜமாத்தில் இருக்கும் திருநங்கைகள் பலருக்கே இது தெரியாது. அப்பா பெயரை எழுத மனமில்லாமல் படிவத்தையே விட்டவர்கள் உண்டு. குரு பெயர் எழுதுவது முழுச் செல்லுபடி. ஆனாலும் அம்மாவோடு பேச்சு இருக்கிறதென்றால் அம்மா பெயரைத்தான் பரிந்துரைப்போம். காரணம் 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். அதில் 2002, 2005 காலத்துப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். குரு பெயர் அந்த இணைப்பைத் தராது. வீட்டோடு தொடர்பு அறுந்தவர்கள் அம்மாவின் பழைய பதிவின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய பட்டியலும் பொது ஆவணம்தான்.

பாலினக் கட்டம்

மூன்றாம் பாலினமா, பெண்ணா, ஆணா? வாக்காளர் படிவத்தில் சொல்பவரின் சொல்லே முடிவு. ஓட்டுப் போடுவதில் இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆதாரில் ‘திருநர்’, பட்டியலில் ‘பெண்’ என்று இருந்தாலும் அதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது. வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அச்சிட்ட பட்டியலில் பெயர், வயது, வீட்டு எண்ணோடு பாலினமும் வரும். அதை எல்லாக் கட்சி முகவர்களும் வைத்திருப்பார்கள். சிறிய ஊரில் பெண்ணாகவே அறியப்பட்டு வாழ்பவருக்கு ‘மூன்றாம் பாலினம்’ என்ற சொல் அச்சில் வருவது விருப்பமா இல்லையா என்பது அவர் முடிவு. எண்ணிக்கை கூடினால் கோரிக்கைக்கு வலு என்று முகாம்களில் எல்லோரையும் மூன்றாம் பாலினத்தில் போடச் சொல்லும் அமைப்புகள் உண்டு. அது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஓடி வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முகவரி மாற்ற விண்ணப்பங்களின் பட்டியல் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வரும், கட்சிகளுக்கும் போகும். முகவரியை மறைத்துப் பதியும் ஏற்பாடு எதுவும் இங்கே இல்லை. வீட்டார் தேடுகிறார்கள் என்றால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில் தந்த உத்தரவுப்படி, காணாமல் போனதாகப் புகார் வந்தவர்கள் வயது வந்த பால்புதுமையர் (ஒருபால் ஈர்ப்புள்ளோர், திருநர் உள்ளிட்டோர்) என்றும், தம் விருப்பப்படியே சேர்ந்திருக்கிறார்கள் என்றும் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் போலீஸ் புகாரை முடித்துவைக்க வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. அது முடிந்தபின் படிவம் 8 போடுவது பாதுகாப்பு.

சேர்ந்து வாழும் ஒருபால் இணையர்

இவர்களுக்குப் பாலினத் திருத்தம் இல்லை, முகவரி மட்டும்தான். துணையை உறவினர் கட்டத்தில் எழுத வழியில்லை. அவரவர் அம்மா அல்லது அப்பா பெயர். வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருந்தால் மற்றவருக்குச் சான்று இல்லாமல் போகும். அதற்கு நல்ல தீர்வு கூட்டு வங்கிக் கணக்கு. பால்புதுமையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராக வைக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதித் துறை தெளிவுபடுத்தியது. வங்கியில் தயங்கினால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டலாம். கணக்கின் பாஸ்புத்தகத்தில் இரண்டு பெயரும் ஒரே முகவரியும் அச்சானால் அந்த ஒன்றே இருவருக்கும் போதும்.

முகாம் நடத்துபவர்களுக்கு

கலெக்டர் அலுவலகத்தில் ஒரு நாள் முகாம், வாக்காளர் பட்டியலின் சுருக்கத் திருத்தக் காலத்தில் சனி, ஞாயிறு சாவடிகளில் நடக்கும் சிறப்பு முகாம், ஜமாத் வீட்டிலேயே கைபேசியோடு உட்காருவது என மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவதில் புகைப்படம் நன்றாக வரும், சான்றிதழ் விண்ணப்பத்தையும் சேர்த்து முடிக்கலாம்; ஆனால் கொல்லங்கோட்டிலிருந்து நாகர்கோவில் வர ஒரு நாள் கூலி போகும். சாவடி முகாமுக்குத் தனியாகப் போக எல்லோரும் துணிவதில்லை, சொந்த ஊர்க்காரர்கள் நடுவில் வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் பலன் தருவது. வெள்ளைச் சுவர் ஒன்று, நல்ல வெளிச்சம், ஓடிபி வரும் கைபேசி அவரவருடையது, பாஸ்புத்தகத்தின் முதல் பக்கப் படம்; ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே கைபேசி எண்ணைப் பத்துப் பேருக்குக் கொடுக்காதீர்கள். அவரவர் மின்னணு அட்டையைப் பிறகு பதிவிறக்க முடியாமல் போகும், பி.எல்.ஓ. அழைப்பும் முகாம் நடத்தியவருக்கே போகும். விண்ணப்பக் குறிப்பு எண்ணை அவரவர் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 15 நாளுக்குள் கலெக்டரிடம் முதல் மேல்முறையீடு. அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பதால்தான் அரைகுறைக் காரணத்தோடு மறுப்புகள் வருகின்றன.

இதை ஆய்வாக எழுத நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு பாகத்தின் பட்டியலிலும் ஆண், பெண், மூன்றாம் பாலினம் எனத் தொகை அச்சாகியிருக்கும். ஆறு தொகுதிக்கும் அதைக் கூட்டி, இரண்டு திருத்தங்களுக்கு இடையில் சேர்ந்தது எத்தனை, நீங்கியது எத்தனை என்று பார்த்தால் யாரையும் தொந்தரவு செய்யாமல் நல்ல தரவு கிடைக்கும். நீக்கங்களின் காரணத்தில் ‘குடிபெயர்ந்தார்’ எத்தனை என்பது முக்கியமான எண். ஆனால் பாக அளவில் வெளியிடாதீர்கள். ஒரு பாகத்தில் மூன்றாம் பாலினம் 1 என்று அச்சிட்டால் அது புள்ளிவிவரம் ஆகாது, ஓர் ஆளின் வீட்டு அடையாளம் ஆகிவிடும். தொகுதி அளவோடு நிறுத்துங்கள்.

காலமும் ஓட்டு நாளும்

18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாள்கள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. தேர்தல் அறிவித்த பிறகும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்படும். ஆட்சேபணைக்கு ஏழு நாள் தேவை என்பதால், மனு முடிவதற்குப் பத்து நாள் முன்பே படிவம் போயிருக்க வேண்டும். முகவரி, பெயர் என்று இரண்டு படிவம் போட வேண்டியவர்களுக்குத் தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு இரண்டும் முடியாது. அப்போது முகவரி மட்டும் போதும். பழைய பெயரில் புது இடத்தில் ஓட்டுப் போடலாம், பழைய இடத்தில் புதுப் பெயரோடு நின்று என்ன பயன்?

சாவடிக்கு வாக்காளர் அட்டையோடு, இப்போதைய முகம் உள்ள இன்னொரு ஆவணமும் கொண்டுபோங்கள்: ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படமுள்ள பாஸ்புத்தகம், எதுவானாலும் சரி. அட்டையில் சிறு எழுத்துப் பிழைக்காகத் தடுக்கக் கூடாது. படம் ஒத்துவராவிட்டால் மாற்று ஆவணம் கேட்பார்கள். ‘இது அந்த ஆளே இல்லை’ என்று முகவர் யாராவது ஆட்சேபித்தால், அதற்கு அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். நிரூபிக்க வேண்டியது ஆட்சேபித்தவர். நிரூபிக்காவிட்டால் நீங்கள் ஓட்டுப் போடலாம்; வீம்புக்காகச் செய்தார் என்று பட்டால் அந்த 2 ரூபாய் அரசுக்குப் போகும். பணம் கட்டாமல் வெறும் வாயால் சந்தேகம் கிளப்பினால், ‘விதி 36-இன்படி ஆட்சேபணை தருகிறீர்களா?’ என்று தலைமை அலுவலர் முன்னால் கேளுங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கனவே போட்டுவிட்டுப் போயிருந்தால், அடையாளத்தை உறுதிசெய்தபின் தாள் வாக்குச்சீட்டில் ‘டெண்டர்’ ஓட்டுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. பெயரே பட்டியலில் இல்லை என்றால் ஆதாரோ சான்றிதழோ எதுவும் அன்றைக்கு உதவாது. அதனால் வாக்குப்பதிவு நாள் காலையில் தேடாமல், மனு தொடங்கும் முன்பே 1950 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழைத்தோ இணையதளத்திலோ பாக எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்துவிடுங்கள்.